பேரி மரத்துக்கு வந்தது

லயத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அந்த வருஷத்தை விளக்க வேண்டியதில்லை. மாவு கிடைக்காத வருஷம் என்றால் போதும், மிச்சத்தை உங்கள் வயிறே சொல்லிவிடும். மரவள்ளிக் கிழங்கின் தோலைக்கூட வீசாமல் காயப்போட்டு வைத்தோம். ஆனால் நான் பசியைப் பற்றிப் பேச வரவில்லை. அதைத் தொட்டால் ஆளுக்கொரு கதை கிளம்பும், என் கதை அடிபட்டுப்போகும். அந்த வருஷத்து ஐப்பசியில் எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற பேரி மரத்துக்கு ஒரு குருவி வந்தது. அது என்ன குருவி என்று கேட்கப்போய் ஒரு குடும்பமே கடல் தாண்டிப் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே, நுவரெலியா பக்கத்து மலையில் இருந்தது. ஒரே வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது, ஒற்றை அறை. அதற்கு முந்தியது மாமாவுடையது, அதாவது அம்மாவின் அண்ணன். நடுவில் இருந்த சுவர் கூரைத் தகரம்வரை போகாது. மாமா வீட்டில் கரண்டி விழுந்தால் எங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் புரண்டு படுப்போம். மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரே மகள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மாதிரி எண்ணெய் காணாத தலை. எங்களை மடியில் வைத்து வளர்த்த கங்காணியாரே தூரத்தில் பார்த்தால் யார் யார் என்று தடுமாறுவார். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்.

அம்மா பங்களாவில் வீட்டு வேலை செய்தாள். தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் தொரையும் தொரசாணியும் அப்போது அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சீமையில் படித்தார்கள். அதில் ஒரு பிள்ளை போட்டுக் கழித்த கம்பளிச் சட்டையைத் தொரசாணி அம்மாவிடம் கொடுத்தார். நல்ல சுட்ட செங்கல் நிறம். முன்பக்கம் திறந்து பொத்தான் போடுவது. பொத்தான் வரிசைக்கு இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து கீழ்வரை கறுப்புப் பட்டை ஓடும். பூச்சி உருண்டை வாசனை அதில் போகவே போகாது. அந்தச் சட்டை எனக்கு வந்த நாளிலிருந்து, லயத்துக் குளிர் வேறு யாருக்கோ என்று ஆகிப்போனது. பாப்பாவுக்கு முறை வைத்துக் கொடுப்பேன், பள்ளிக்கூடம் போகும்போது நான், வரும்போது அவள்.

ஆடி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் தனியாகத் தண்ணீர் பிடிக்கப் போனவள் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். வயிற்றோட்டம் கண்ட பிறகுதான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மழையில் மேல் லயத்துக் கக்கூஸ் சாக்கடைக் கான் உடைந்து பீலித் தண்ணீரில் கலந்திருக்க வேண்டும். இன்றைக்கு யோசித்தால் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு எல்லோரும் முனியைத்தான் தேடினார்கள்.

அவள் பல் கிட்டி நடுங்கியபோது அம்மா என் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டினாள். அது திரும்பி வரவில்லை. அதோடேயே அவளைப் புதைத்தார்கள். நான் சட்டையைக் கேட்டு அழுதேன் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். எனக்கு அது ஞாபகமில்லை. குளிர் திரும்பி வந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அத்தை அழவில்லை என்று லயமே பேசியது. அவள் பாட்டுக்கு மலைக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், கூடையை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் பின்னேரம் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, வா. தலை வாரிவிடுறேன்."

நான் போனேன். பெயரைத் திருத்தவில்லை. அவள் வாரும்போது வலிக்காது. சிக்கை விரலால் எடுத்துவிட்டுத்தான் சீப்பை வைப்பாள். வாரி முடித்ததும் தன் பங்கு ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தினமும் போனேன். அந்தப் பசியில் என்னை எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் போயிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சவுக்கு மரங்களுக்குக் கீழே இருந்த புதைகாட்டுக்கு இறங்கினாள். பனி மூடி, ஆறேழு மேட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாப்பாவின் மேட்டில் ஒரு காலி மீன் டின்னில் காய்ந்த சாமந்தி இருந்தது. அத்தை என்னை மேட்டின் ஓரத்தில் பதமாக உட்காரவைத்தாள். பாவாடையை இழுத்து முழங்காலை மூடிவிட்டாள். பிறகு மண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பந்து விளையாட்டில் முறைக்குச் சண்டை போடும் இரண்டு பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிற குரல்.

"எந்திரிச்சு வாடி பாப்பா. இவ ஒன் எடத்துல கொஞ்சம் இருப்பா. ஒரே ஒரு நாளைக்கு மாத்திக்கங்க. நாளைக்குத் திருப்பிக் கூட்டியாந்து விட்டுர்றேன்."

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். எனக்குப் பயம் வரவில்லை. என் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வந்தாலும் வருவாள் என்றுதான் நினைத்தேன். ஈரம் பாவாடைக்குள் ஏறியது. ஃபெக்டரிச் சங்கு ஊதியதும் அத்தை எழுந்து என்னைத் தூக்கிவிட்டாள்.

"இன்னைக்கு மாட்டேங்குறா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதை ஏதோ புதினச் செய்தி போலச் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை, ஊதவும் இல்லை. புகை அவள் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில், "இனிமே அத்தை கூப்பிட்டா போகக் கூடாது" என்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகப் பங்களாக் குசினிக்குப் போய், அம்மா வேலை முடிக்கும்வரை பின்கதவுப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு லயத்தில், ஒரு சுவர் தள்ளி இருப்பவளை எத்தனை நாள் தவிர்ப்பது? அத்தை வாசலில் சீப்போடு நிற்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடுவேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பாப்பாவுக்கு என் மேல என்னா கோவம்?" என்று மாமாவிடம் கேட்பது காதில் விழும்.

அப்போதுதான் குருவி வந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம். பெரியவர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கதவடியில் கரித்தூளால் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். பேரி மரத்தை யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன் காயை உப்புப் போட்டு அவித்தால்தான் பல் இறங்கும். அதன் தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருந்தது.

சிட்டுக்குருவியைவிடச் சின்னது. முதுகு, நனைந்த தகரம் போலச் சாம்பல். வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. தூக்கும்போது வாலின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை தெரிந்தது. இரண்டு கூழாங்கல்லை உரசினாற்போல ஒரு சத்தம் போட்டது. பிறகு என் பக்கம் திரும்பியது. கழுத்திலிருந்து மார்புவரை சுட்ட செங்கல் நிறம். அதற்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

என் சட்டை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அத்தை தண்ணீர் வாளியோடு வந்தவள் நின்றாள். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"யாரு குடுத்த சட்டைடி அது?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து லயமே அண்ணாந்து பார்த்தது. மைனாவும் கொண்டைக்குருவியும் தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இது என்னவென்று பிடிபடவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, செங்கல் சூளையில் புரண்ட சிட்டுக்குருவி என்றார். தோட்டத்தில் செங்கல் சூளையே கிடையாது. கோயில் பூசாரி, அது கழுத்துக் குங்குமம், மாரியாத்தா ஒரு கோழி கேட்கிறாள் என்றார். அந்த வருஷத்தில் கோழிக்கு எங்கே போவது? கங்காணியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மலைக்குப் புதுசு. அதுக்கு மேல எனக்கு ஒன்னுந் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை யாரிடமும் வாதாடவில்லை. அவளுக்கு அது யாரென்று தெரிந்துபோயிருந்தது.

அவள் மாறினாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். வேலையிலிருந்து வந்ததும் மரத்தடிக்குத்தான் போவாள். என்ன பேசுவாள் என்று கேட்க நான் கதவிடுக்கில் நிற்பேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, யாருடைய காலில் எத்தனை அட்டை ஏறியது, அவ்வளவுதான். அது அந்திவரை கிளைக்கும் தரைக்குமாக இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். என்னை அவள் பாப்பா என்று கூப்பிடுவது நின்றது. கூப்பிடுவதே நின்றது. எனக்கு வரவேண்டிய பாதி ரொட்டி இப்போது தூளாகி மரத்தடியில் கிடந்தது. குருவி அதைத் தொடாது. பூச்சி தின்கிற சாதி என்று யாருக்குத் தெரியும்? மைனாக்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். "இன்னும் கோவந் தீரல அவளுக்கு" என்பாள் அத்தை. நான் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

குடியுரிமை கேட்டு மாமா இந்தியாவுக்கு எழுதியிருந்தார். எங்கள் அப்பா இலங்கைக்கு எழுதியிருந்தார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு நாடு ஆனது அப்படித்தான். உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். தை மாதம் மாமாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. சித்திரைக்குள் போய்விட வேண்டும்.

"புள்ளைய விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று அத்தை சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"புள்ள எங்கடி இருக்கு? மண்ணுக்குள்ள இருக்கு!"

"பின்னால போய்ப் பாருங்க எங்க இருக்குன்னு."

ஒரு பின்னேரம் மாமா கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனதை நான் பார்த்தேன். கையை ஓங்கினார். குருவி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. ஓங்கிய கை அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. கல்லைக் கானுக்குள் போட்டுவிட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மகள் செத்த அன்றைக்குக்கூட அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை.

குருவியைப் பற்றித் தொரசாணியிடம் பேச்சுவாக்கில் சொன்னது அம்மாதான். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று எங்கும் பேச்சு. பங்களாவில் பெட்டிகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கட்டிய பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு, கழுத்தில் தூரக் கண்ணாடியோடு, மாசியில் ஒரு நாள் தொரசாணி எங்கள் லயத்துக்கு வந்தார். தொரசாணி லயத்துக்குள் கால் வைத்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கோழிக்கூட்டுக்கும் லீக்ஸ் பாத்திக்கும் நடுவே கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் பத்து வயதுப் பிள்ளை போல ஆகிவிட்டது.

புத்தகத்தை விரித்து அத்தையிடம் காட்டினார். ஒரே கிளையில் இரண்டு குருவிகள் வரைந்திருந்தது. ஒன்று நம்முடையது. இன்னொன்று சட்டை போடாதது, வெறுஞ் சாம்பல். அத்தை செங்கல் நிறத்தை விரலால் தொட்டாள். தொரசாணி அதையும் தொட்டு ஏதோ சொன்னார், மற்றதையும் தொட்டு ஏதோ சொன்னார். பங்களாவிலேயே கிடந்து அம்மாவுக்கு அவருடைய பேச்சு நன்றாகப் புரியும். எங்கள் யாருக்கும் புரியாது.

"என்னா சொல்லுது?" என்று அத்தை கேட்டாள்.

"சட்டை போட்டது பொட்டப் புள்ளயாம் மதினி. சாம்பல் ஆம்பளயாம்" என்றாள் அம்மா.

அத்தை, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதுபோலத் தலையாட்டினாள்.

தொரசாணி இப்போது கையை நீட்டி, ஃபெக்டரிக் கூரைக்கு மேலே, வடக்கே காட்டினார். விரல் மேலே மேலே போனது. காஷ்மீர் என்ற சொல்லும் இந்தியா என்ற சொல்லும் எனக்கே கேட்டது. பிறகு விரல் வானத்தில் ஒரு வளைவு போட்டுத் திரும்பி வந்தது. பேரி மரத்தின் அதே தாழ்ந்த கிளைக்கு நேராக வந்து நின்று, காற்றில் தட்டியது.

"இது இந்தியாக் குருவியாம் மதினி. குளிருக்கு இங்க வந்திருக்காம். பங்குனி கழியிறதுக்குள்ள இந்தியாவுக்கே போயிருமாம்."

"போயிட்டு?"

அம்மா பின்கதவடியில் நின்ற என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போயிட்டு அங்கயே தங்கிருமாம்."

"அம்மா, அவங்க கை இங்க திரும்பி" என்று நான் ஆரம்பித்தேன்.

"வாய மூடு. போய் அடுப்பப் பாரு."

அத்தை தொரசாணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பாவம், அந்த வெள்ளைக்காரி கூச்சப்பட்டுச் சிரித்தார். ஒரு ஏழைப் பொம்பளைக்குக் குருவிகள் மேல் இவ்வளவு ஆசையா என்று ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பார்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை மரம் வெறுமையாக இருந்தது. அடுத்தடுத்த காலைகளிலும் அப்படியே. அத்தை மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். உள்ளே போய் மாமாவிடம், "அவ முன்னால போயிட்டா. நமக்கு எப்ப கோச்சி?" என்று கேட்டது சுவரைத் தாண்டி வந்தது. இந்தப் பக்கம் அம்மா சோற்றுப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பானையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் அன்றைக்கு எழுந்த ஓலத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அதே கதைதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர்கள், தகரப் பெட்டியின் மேல் விழுந்து அழுதவர்கள். அத்தனை பேரிலும் அழாதவள் அத்தை ஒருத்திதான். முகம் தெளிந்திருந்தது. என் மோவாயைப் பிடித்து, என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நல்லாப் படிக்க வேண்டும் என்றாள். பிறகு ஜன்னல் வழியாக அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டுச் சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? இங்கயே கெடந்து செத்திருப்பேன். நீதான் என் புள்ளைய எனக்குக் குடுத்த."

கோச்சி நகர்ந்தது. அம்மா மலையேறி வரும் வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தாள். நான் மூச்சிரைத்து நின்றபோதும் நிற்கவில்லை.

அடுத்த ஐப்பசியில், பக்கத்துக் காம்பரா பூட்டியே கிடந்தபோது, ஒரு காலையில் அந்தக் கூழாங்கல் உரசும் சத்தம் கேட்டது. நான் பின்பக்கம் ஓடினேன். அதே கிளை. அதே சட்டை. வாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"அம்மா! குருவி வந்திருச்சு!"

அம்மா கதவுவரை வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"தொரசாணி அப்பயே சொல்லிச்சு" என்றாள். "திரும்பி வரும்னு. இதே மரத்துக்கு, இதே கொப்புக்கு வந்து ஒக்காரும்னு. நான்தான் சொல்லல."

"ஏம்மா?"

"குருவி போனா அவ மறுபடி ஒன்னத்தான பாப்பா? குழிமேட்டுல ஒக்கார வச்சவ, அடுத்து என்னா செய்வான்னு யாருக்குத் தெரியும்? அது போற எடத்துக்கு அவளும் போயிறட்டும்னு நெனச்சேன்." குருவியைப் பார்த்துக்கொண்டே, "அது ஆம்பளக் குருவிடி. அதையும் மாத்திச் சொன்னேன்" என்றாள்.

அத்தை என்னை என்ன செய்திருப்பாள்? இப்போது, எனக்கே பேரப்பிள்ளைகள் வந்த பிறகு நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் செய்திருக்கமாட்டாள். ஃபெக்டரிச் சங்கு ஊதியதும் என்னைத் தூக்கிவிட்டுப் பாவாடையில் மண்ணைத் தட்டிவிட்டவள் அவள். ஆனால் அந்தத் தட்டிவிட்ட கையை அம்மா பார்க்கவில்லை. அவள் பார்த்தது குழிமேட்டில் உட்கார்ந்திருந்த தன் பிள்ளையை மட்டும்தான். அதுவும் என் வாயால் கேட்டுத்தான் பார்த்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மா பின்கதவைத் திறக்கமாட்டாள். முன்பக்கமாகச் சுற்றிப்போய்த் தண்ணீர் எடுத்தாள். ஆளில்லாத பக்கத்துக் காம்பராவுக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது என்பாள். அது மரத்திலிருந்துதான் வருகிறது என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். ஒரு நாள் மரத்தை வெட்டிவிடச் சொன்னாள். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு போனதும் தானே ஓடிப்போய் மரத்துக்கு முன்னால் நின்றாள். "வந்து எங்க ஒக்காரும்?" என்று கேட்டாள். அப்பா கத்தியைக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டார்.

பங்குனியில் போகும். ஐப்பசியில் வரும். ஒவ்வொரு வருஷமும் அதே குருவிதானா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கும் தைரியமும் இல்லை. பிறகு எப்போதோ பின்கதவு திறக்கத் தொடங்கியது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அது கண்ணில் படும்வரை நிற்பாள். பட்டதும் உள்ளே வந்துவிடுவாள்.

அத்தையைப் பற்றி எங்களுக்கு வந்த ஒரே செய்தி கங்காணியார் வாயால் வந்ததுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொஞ்ச வருஷத்தில் கப்பலே நின்றுபோனது. கங்காணியாருடைய பிள்ளைகளுக்கும் இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது. குடும்பத்தோடு போவதற்கு முன்னால் இடம் பார்த்துவர அவர் மட்டும் ஒருமுறை போய்த் திரும்பினார். துறையூர்ப் பக்கம் மாமாவைத் தேடிப் பிடித்திருக்கிறார். கருவேல மரமும் கல்லும் தவிர ஒன்றுமில்லாத ஊர், ஐப்பசியிலும் வெயில் சுடுகிறது என்றார். மாமா கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறாராம். அத்தைக்கு அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை.

எங்கள் வீட்டுக்குள் பலகையில் உட்கார்ந்து பால் இல்லாத பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னார். பின்கதவு திறந்திருந்தது. அது மார்கழி. மரத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஒன் மதினி ஒவ்வொரு மரமா நின்னு பாக்குதும்மா" என்றார். "ஊரு ஆளுங்க கிறுக்குன்னு சொல்றானுங்க. என்னையக் கண்டதும் கையப் புடிச்சுக்கிட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு. பாப்பா இங்க வரவே இல்ல, அங்க எங்கயாச்சும் வழி தெரியாம வந்துச்சான்னு என் நாத்தனாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னுச்சு." கோப்பையை மறு கைக்கு மாற்றினார். "அடுத்த மாசம் நான் குடும்பத்தோட போறேன். என்னான்னு சொல்லட்டும்?"

அம்மா அடுப்பு மேடையருகே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். இப்போது உண்மையைச் சொல்வாள், தொரசாணி சொன்னது முழுவதையும் சொல்லி அனுப்புவாள் என்று நினைத்தேன். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். குருவி மரத்திலிருந்து இறங்கி, கதவுக்கு நேரே ஈரத் தரையில் ஒரு புழுவைக் கொத்தி எடுத்துக்கொண்டு மேலே போனது. அம்மாவின் கண் அதன் கூடவே போனது.

"வருதுன்னு சொல்லுங்க" என்றாள். "இங்கதான் இருக்கு. நல்லா இருக்கு, நல்லாத் திங்கிது. வெயிலுக்கு மட்டும் அந்தப் பக்கம் போயிட்டு வருது. நான் பாத்துக்கிறேன்னு சொல்லுங்க."

கங்காணியார் திரும்பி மரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிளேன்டியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இத அந்தப் பொம்பள நம்புமா தாயி?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. "எங்க மதினி, நான் சொன்னா நம்பும்."